"பாட்டி இப்போ எங்க இருக்காங்க, டீச்சர்?"

கேள்வி: ஐயா, எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அன்றைய மனப்பாட வசனம் யோவான் 14:6, "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்; என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்." எல்லோரும் ஒப்பித்து முடித்ததும் ஒரு சிறுமி எழுந்து, "எங்க அம்மாவோட அம்மா போன மாசம் இறந்துட்டாங்க. அவங்க கிறிஸ்தவங்க இல்ல. அப்போ பாட்டி இப்போ எங்க இருக்காங்க, டீச்சர்?" என்று கேட்டாள். "அது கடவுளுக்குத்தான் தெரியும்மா" என்றேன். அன்று மாலையே அவளுடைய அப்பா போன் செய்து, வேதத்தில் தெளிவாக இருப்பதை நான் மழுப்பிவிட்டதாகக் கோபப்பட்டார். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரோ, "எல்லா ஆறும் கடலுக்குத்தானே போகுது? பாட்டி பரலோகத்துல இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே" என்கிறார். விஷயம் சபைக் கமிட்டி வரை போய்விட்டது. 'சபை நம்புவதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்' என்று எனக்கு எழுதப்போகிறார்களாம். இந்த விஷயத்தில் சபை நம்புவதுதான் என்ன? நான் சொன்னது மழுப்பலா? வகுப்பை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் மழுப்பவில்லை. பாதி பதில் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். "கடவுளுக்குத்தான் தெரியும்" என்று பெரியவர்களிடம் சொன்னால் மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடவுள் எப்படிப்பட்டவர் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கமிட்டியின் கேள்வியைப் பார்ப்போம்.

கிறிஸ்தவர்கள் இந்த விஷயத்தில் எந்தக் காலத்திலும் ஒரே குரலில் பேசியதில்லை. பேசியதாக நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரட்சிப்பு யாரால் வருகிறது என்பது ஒரு கேள்வி. அது யார் யாருக்குப் போய்ச் சேரும், பெறுகிறவர் கொடுத்தவரின் பெயரை இந்த உலகத்திலேயே அறிந்து அறிக்கையிட்டிருக்க வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு யோவான் 14:6-உம் அப்போஸ்தலர் 4:12-உம் நேரடியாகப் பதில் சொல்கின்றன: இயேசுவால் மட்டுமே. அந்த வசனங்களை நான் தளர்த்திப் படிக்கிறவன் அல்ல. ஆனால் இரண்டாவது கேள்வியை அவற்றை மட்டும் வைத்துத் தீர்த்துவிட முடியாது. ஆபிரகாம் இயேசுவின் பெயரைக் கேட்டதே இல்லை. ஊத்ஸ் தேசத்து யோபு இஸ்ரவேலனே அல்ல. பிறந்த அன்றே கண்மூடிய குழந்தை எதையும் அறிக்கையிட்டதில்லை. இவர்களெல்லாம் அழிந்தார்கள் என்று உங்கள் மாணவியின் அப்பாவும் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

அவருக்கும் நியாயம் செய்துவிடுவோம். அவர் பேசுவது நேற்று முளைத்த பேச்சு அல்ல. 1442-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் புளோரன்ஸ் சங்கம், புறமதத்தார் மட்டுமல்ல, யூதரும் மாறுபட்ட போதனைக்காரரும் பிரிந்துபோனவர்களும்கூட, சாவதற்குள் திருச்சபையில் சேராவிட்டால் நித்திய அக்கினிக்குப் போவார்கள் என்று எழுதிவைத்தது. அந்தக் கணக்கில் உங்கள் கமிட்டி மொத்தமும் வெளியேதான். பிரஸ்பிடேரியன் சபைகள் ஏற்கும் 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, கிறிஸ்தவத்தை அறிக்கையிடாதவர்கள் இயற்கையின் வெளிச்சத்தில் எவ்வளவு கவனமாக வாழ்ந்தாலும் இரட்சிப்படைய முடியாது என்கிறது. பல நாட்டுச் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் கூடி எழுதிய 1974-இன் லோசான் உடன்படிக்கை, படைப்பைப் பார்த்து எல்லோருக்கும் கடவுளைப் பற்றி ஏதோ ஓரளவு தெரியும் என்று ஒப்புக்கொண்டு, அந்த அறிவு இரட்சிக்காது என்று முடிக்கிறது. இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. "அவரைக்குறித்துக் கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள்?" என்று பவுல் ரோமர் 10-இல் கேட்டதை அவர்கள் சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள். ஊரைவிட்டு, நாட்டைவிட்டுக் கிளம்பிப்போய் உயிரைக் கொடுத்த மிஷனரிகள் பலரை அனுப்பியது இந்த நம்பிக்கைதான்.

ஆனால் இதே வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை ஒரு வாசலைத் திறந்தும் வைத்திருக்கிறது. கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டு, குழந்தையாய் இறப்பவர்களும், வார்த்தையைக் கேட்டு அழைக்கப்படும் திறன் இல்லாத மற்றவர்களும் ஆவியானவரால் இரட்சிக்கப்படுகிறார்கள் என்று சொல்கிறது. ஆக, காதால் கேட்டு வாயால் அறிக்கையிடாமலே ஒருவர் இரட்சிக்கப்படலாம் என்பதை மிகக் கடுமையான கட்சியும் ஒப்புக்கொள்கிறது. இனி விவாதம் அந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதைப் பற்றித்தான்.

"சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை" என்ற வாக்கியத்தையும் உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் சொன்னது அது. பக்கத்து வீட்டுப் பாட்டியை மனதில் வைத்து அவர் அதை எழுதவில்லை. சபையை உடைத்துக்கொண்டு போனவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா என்ற சண்டையில் எழுதினார். உள்வீட்டுச் சண்டையில் பிறந்த வாக்கியம் பிற்காலத்தில் ஊருக்கெல்லாம் தீர்ப்பாகிவிட்டது.

சிப்ரியானுக்கு நூறு வருஷம் முன்பே யுஸ்தின் என்ற ஞானி வேறு மாதிரி பேசினார். வார்த்தையானவரின், அதாவது கிறிஸ்துவின், வித்து எல்லா மனிதருக்குள்ளும் விதைக்கப்பட்டிருக்கிறது, அந்த வெளிச்சத்தின்படி வாழ்ந்த சாக்ரட்டீஸ் போன்றவர்கள், ஊரார் நாத்திகர் என்று ஏசினாலும், கிறிஸ்தவர்களே என்று எழுதினார். இவரை நவீன தாராளவாதி என்று ஒதுக்கமுடியாது. இயேசுவுக்காகத் தலையைக் கொடுத்தவர். சீர்திருத்தக் காலத்தில் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தவாதி சுவிங்லி, பரலோகத்தில் சாக்ரட்டீஸையும் ரோமானியர் கேட்டோவையும் கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸையும்கூடப் பார்க்கலாம் என்று பிரான்ஸ் அரசருக்கு எழுதினார். லூத்தர் கொதித்துப்போனார். (ஹெர்குலிஸ் கொஞ்சம் அதிகம்தான்.) மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, புறமதத்தாரையும் இஸ்லாமியரையும் மொத்தமாக நரகத்துக்குத் தீர்ப்பிட எந்த மனிதனுக்கும் உரிமை இல்லை, படைத்தவரிடமே விட்டுவிடுவது மேல் என்று முதுமையில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். தெருத்தெருவாய்ச் சுவிசேஷம் சொன்ன மனிதர் அவர். உங்கள் பதில் அவருடைய பதிலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

நடுவில் ஒரு திருப்பமும் நடந்தது. மத்திய கால ஐரோப்பாவில் சுவிசேஷம் உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். அப்படியானால் விசுவாசியாதவன் வேண்டுமென்றே மறுத்தவன். கொலம்பஸ் அமெரிக்காவை எட்டிய 1492-க்குப் பிறகு அந்த நினைப்பு உடைந்தது. இயேசுவின் பெயரே எட்டாத ஒரு கண்டம் முழுவதும் மனிதர்கள் இருந்தார்கள். ஸ்பெயினின் சலமாங்காவில் போதித்த பிரான்சிஸ்கோ தே விட்டோரியா, கேள்விப்படாதவன் அவிசுவாசம் என்ற பாவத்துக்குக் குற்றவாளி ஆகமாட்டான் என்று வாதாடினார். கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு போனவர்கள் அங்கே கொலையும் கொள்ளையும் செய்கிறபோது, அவர்கள் சொல்வதைக் கேட்ட மாத்திரத்தில் அந்த மக்கள் நம்பியே ஆகவேண்டும் என்று எப்படிக் கேட்பது என்ற அர்த்தத்திலும் பேசினார். ஒருவருக்குச் சுவிசேஷம் 'சொல்லப்பட்டது' என்றால் யார், எப்படிப்பட்ட வாழ்க்கையோடு சொன்னார்கள் என்ற கேள்வி அப்போது எழுந்தது. அந்தப் பாட்டிக்கும் அது பொருந்தும். அவர் காதில் என்ன விழுந்தது, எந்தக் குரலில் விழுந்தது என்பது நம் யாருக்கும் தெரியாது.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த வழியில் மெல்ல நடந்து வந்தது. தன் குற்றமின்றி அறியாமையில் இருப்பவரைப் பற்றி 1863-இலேயே போப் ஒன்பதாம் பயஸ் மென்மையாக எழுதினார். பாஸ்டனில் லியோனார்ட் ஃபீனி என்ற குரு, கத்தோலிக்கர் அல்லாத எல்லோரும் அழிவார்கள் என்று விடாப்பிடியாகப் பிரசங்கித்தபோது, 1949-இல் ரோம் அது திருச்சபையின் போதனை அல்ல என்று எழுதியது. கீழ்ப்படியாததால் 1953-இல் அவர் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை என்றவரே வெளியே நிற்கவேண்டி வந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள், அது நல்ல விஷயம். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமின்றி கிறிஸ்துவின் சுவிசேஷத்தை அறியாமல், உண்மை மனதோடு கடவுளைத் தேடி, மனசாட்சியின்படி வாழ முயல்பவர்கள் நித்திய மீட்பை அடையலாம் என்று எழுதியது. அடைவதும் கிறிஸ்துவின் கிருபையால்தான் என்பதை அது விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் காலத்து ஜெர்மானிய இறையியலாளர் கார்ல் ரானர் இப்படிப்பட்டவர்களுக்கு 'பெயர் அறியாக் கிறிஸ்தவர்கள்' என்று பெயர் வைத்தார். எனக்கு இந்தப் பெயரில் ஒரு சங்கடம் உண்டு. நான் முருகனைக் கும்பிடுகிறேன் என்று சொல்கிறவரிடம், இல்லை, உமக்கே தெரியாமல் நீர் இயேசுவைத்தான் கும்பிடுகிறீர் என்பதில் ஒரு மேட்டிமை இருக்கிறது. உங்களைப் பெயர் அறியாப் பௌத்தன் என்று நான் சொன்னால் உங்களுக்குச் சரியா என்று ஒரு ஜப்பானியத் தத்துவ அறிஞர் ரானரிடமே கேட்டார். அப்படி அழைத்தால் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொள்வேன் என்றார் ரானர். நல்ல மனசு. ஆனாலும் சங்கடம் தீரவில்லை.

இனி ஆறும் கடலும். உங்கள் சக ஆசிரியர் சொல்வதைக் கல்வியாளராகச் சொன்னவர் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஜான் ஹிக். ஆரம்பத்தில் தீவிர சுவிசேஷக் கிறிஸ்தவர். பிறகு பர்மிங்காமில் பல மதத்தாரோடு பழகி, அவர்களுடைய வழிபாட்டிடங்களிலும் மனிதர்கள் அதே போல உண்மையாகக் கடவுளிடம் மனம் திறப்பதைப் பார்த்து மாறினார். நடுவில் இருப்பது கிறிஸ்தவம் அல்ல, கடவுள்; மதங்கள் எல்லாம் அவரைச் சுற்றி வருகின்றன என்று 1973-இல் எழுதினார். அந்தக் கனிவை மதிக்கிறேன். கொடுக்கும் விலைதான் அதிகம். அதை நிலைநிறுத்த ஹிக் இயேசு தேவனாய் வந்தவர் என்பதை உருவகமாக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கும் அது மரியாதை அல்ல. மறுபிறப்புச் சுழலிலிருந்து விடுபடுவதைத் தேடும் ஒருவரும், உடலோடு உயிர்த்தெழுவதை எதிர்பார்க்கும் ஒருவரும் ஒரே இடத்துக்கு டிக்கெட் வாங்கவில்லை. நீங்கள் இருவரும் தேடுவது ஒன்றுதான் என்று மூன்றாவது ஆள் சொன்னால், இருவருமே அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த மூன்று போக்குகளையும் தனிவழி (கிறிஸ்துவை அறிந்து நம்பியவர்களுக்கே இரட்சிப்பு), உள்ளடக்கம் (அறியாதவர்களுக்கும் கிறிஸ்துவால் கிடைக்கலாம்), பன்மை (எல்லா மதங்களும் வழிகளே) என்று 1983-இல் இறையியலாளர் ஆலன் ரேஸ் வகைப்படுத்தினார். பாடம் நடத்த வசதி. வாழ்வதற்கு அவ்வளவாக உதவாது. மதுரையிலும் பிறகு சென்னையிலும் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் மூன்றிலும் ஒரு கால் வைத்து, மூன்றையும் மறுத்தார். கிறிஸ்துவில் கடவுள் வெளிப்பட்டது தனித்தன்மையானது, அதற்கு இணையில்லை. ஆனால் கிறிஸ்தவர் அல்லாதவருக்கு இரட்சிப்பே கிடையாது என்று அதிலிருந்து முடிவுகட்டக்கூடாது. கடவுளின் கிருபை எல்லா மனித வாழ்க்கையிலும் செயல்படுகிறது. ஆனால் அதற்காக எல்லா மதங்களையும் இரட்சிப்பின் வழிகளாக ஆக்கிவிடக்கூடாது. யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்பதே நம் வேலை அல்ல என்பது அவர் கட்சி. நானும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறேன். 1989-இல் சான் அந்தோனியோவில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மிஷன் மாநாடு, இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறு இரட்சிப்பின் வழியை எங்களால் காட்டமுடியாது, அதேசமயம் கடவுளின் இரட்சிக்கும் வல்லமைக்கு எங்களால் எல்லையும் போடமுடியாது என்றது. கமிட்டிக்கு ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமானால் இதைவிடச் சுருக்கமாக என்னால் முடியாது.

வேதத்திலிருந்து பேசச் சொன்னால் அப்போஸ்தலர் 10-ஐ எடுங்கள். கொர்நேலியு ரோமப் படைத் தலைவன். ஜெபிக்கிறவன், தர்மம் செய்கிறவன். அவன் வீட்டில் பேதுரு சொல்கிறார்: "எந்த ஜனத்திலாயினும் அவருக்குப் பயந்திருந்து நீதியைச் செய்கிறவன் எவனோ அவனே அவருக்கு உகந்தவன்." சரி, முடிந்தது என்று உங்கள் சக ஆசிரியர் சொல்வார். அடுத்த அதிகாரத்தில், இரட்சிக்கப்படுவதற்கேதுவான வார்த்தைகளைப் பேதுரு வந்து சொல்வார் என்று தூதன் கொர்நேலியுவிடம் சொன்னதாக இருக்கிறது. பார்த்தீர்களா, கேட்காமல் முடியாது என்று மாணவியின் அப்பா சொல்வார். இரண்டு பேரும் ஒரே கதையைத்தான் படிக்கிறார்கள். என் கண்ணுக்கு அதில் முதலில் படுவது, பேதுரு வாசற்படி மிதிக்குமுன்பே அந்த வீட்டு ஜெபங்கள் கடவுளை எட்டியிருந்தன என்பது. அதற்காக அவர் பேதுருவை அனுப்பாமல் விடவும் இல்லை. 'எப்படியும் இரட்சிப்பு உண்டென்றால் ஊழியம் எதற்கு?' என்று கமிட்டியில் யாராவது கேட்டால் இந்தக் கதையையே சொல்லுங்கள்.

லூக்கா 13-உம் முக்கியம். "ஆண்டவரே, இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ" என்று ஒருவன் இயேசுவிடமே கேட்டான். அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. இடுக்கமான வாசல் வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள் என்று கேட்டவனிடமே திருப்பினார். வெளியே நின்று கதவைத் தட்டுகிறவர்களாக அங்கே வருவது, "உம்மோடு சாப்பிட்டோமே, எங்கள் வீதிகளில் போதித்தீரே" என்று சொல்லும் பழகிய ஆட்கள். கிழக்கிலும் மேற்கிலும் இருந்து வருகிறவர்கள் பந்தியில் உட்காருகிறார்கள். இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, இறந்துபோன ஒரு மூதாட்டியின் முடிவை நிச்சயமாய்ச் சொல்ல எனக்குத் துணிச்சல் வருவதில்லை.

'சபை நம்புவது' என்று கமிட்டி கேட்டால் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க இயேசு வருவார் என்று அதில் இருக்கிறது. நியாயாதிபதி யார் என்று சொல்கிறது. தீர்ப்பின் பட்டியல் அதில் இல்லை. நைசீயா பிரமாணத்திலும் இல்லை. உங்கள் சபைப் பிரிவுக்கென்று தனி விசுவாச அறிக்கை இருந்து அது இன்னும் கறாராகப் பேசினால், கமிட்டி அதைக் காட்டட்டும். அதை வகுப்பில் எதிர்த்துப் பேச வேண்டாம். ஆனால் அந்த அறிக்கையும் ஒரு தனி மனிதரின் பெயரைச் சொல்லித் தீர்ப்பிடச் சொல்லாது.

இப்போது அந்தச் சிறுமி. யோவான் 14:6-ஐத் தனியாகப் பிய்த்து மனப்பாடம் கொடுப்பதால் வந்த சிக்கல் இது. அந்த அதிகாரம் "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்று தொடங்குகிறது. மறுநாள் சாகப்போகிறவர், பயந்துபோன சீஷர்களைத் தேற்றுகிறார். வழி தெரியாதே என்று தோமா பதறும்போது சொன்ன பதில் இது. அடுத்த வாரம் முதல் வசனத்திலிருந்து கதையாகச் சொல்லுங்கள். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு, இந்த மாதிரி: "உன் பாட்டிய எனக்குத் தெரியாதும்மா. இயேசுவுக்குத் தெரியும். நீ பாட்டி மேல வச்சிருக்கிற அன்பவிட அவர் வச்சிருக்கிற அன்பு பெருசு. பாட்டியப் பத்தி முடிவு பண்றது அவர்தான், வேற யாரும் இல்ல. அவர் தப்பா முடிவு பண்ணவே மாட்டார்." இதில் நீங்கள் நம்பாதது எதுவும் இல்லை, அவளுடைய அப்பா மறுக்கக்கூடியதும் அதிகம் இல்லை.

நரகம் என்ற பேச்சை எடுக்க வேண்டாம். நிச்சயம் பரலோகம் என்றும் சொல்லிவிட வேண்டாம். நாளைக்கே வீட்டில் வேறு விதமாகக் கேட்டால், டீச்சர் சமாதானத்துக்காகச் சொன்னது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பாட்டிக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டாலும் கேட்பாள். கத்தோலிக்கரும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையாரும் மரித்தோருக்காக ஜெபிக்கிறார்கள், புரொட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் வழக்கமில்லை. பாட்டியைத் தந்ததற்காக நன்றி சொல்லலாம், ரொம்பத் தேடுகிறது என்று சொல்லி அழலாம். அதை எந்தச் சபையும் தடுக்காது.

வகுப்பை விடாதீர்கள். இப்படியொரு கேள்வியை ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்கிறாள் என்றால், உங்களிடம் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் சிறுமி பேசுகிறாள், அப்பா பேசுகிறார், ஆசிரியர் பேசுகிறார், கமிட்டி பேசப்போகிறது. அந்தச் சிறுமியின் அம்மா ஒரு இடத்திலும் பேசவில்லை. இறந்தது அவருடைய தாய். கணவர் போனில் உங்களோடு வாதாடியபோது அவர் பக்கத்து அறையில் இருந்திருக்கலாம். கமிட்டிக் கூட்டத்துக்கு முன்பு ஒரு நாள் அவரைப் போய்ப் பாருங்கள். கொர்நேலியுவும் வேண்டாம், நியூபிகினும் வேண்டாம். அவருடைய அம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.